ரப்பர் மானிடம் வந்த மான்

அன்பின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஒஸ்லோவில் வில்வித்தைக் கழகமொன்றில் சேர்ந்திருக்கிறேன். ஆளுயர நெடுவில்லை என்னால் இழுக்க முடியவில்லை. நுனி வளைந்த சிறிய வில்லைத் தெரிவுசெய்தேன். நாண் பட்டுக் கை கொஞ்சம் கன்றியது, பயப்படாதீர்கள். இங்கே வில்லால் வேட்டையாடத் தடை. காட்டில் வைத்திருக்கும் ரப்பர் மிருகங்களுக்குத்தான் எய்வோம்.

ஞாயிறன்று ரப்பர் மானைக் குறிபார்த்து நாணை இழுத்தபோது, உயிருள்ள மான் ஒன்று வந்து அதை முகர்ந்தது.

"அம்பை விட்டிடாதை, பிள்ளை!" என்றார் அருகில் நின்ற எங்கள் கழகத்து இரத்தினவேல் அண்ணை.

நாணை மெல்லத் தளர்த்தினேன். மான் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தது. ரப்பர் மான் அசையுமென்று சற்று நேரம் காத்து நின்றுவிட்டுத் தனியே போனது. அதற்குப் பிறகு எனக்கு எய்ய மனம் வரவில்லை.

இனி ஞாயிறு மாலைகளில் நான் அழைப்பேன், தொலைபேசியைப் பக்கத்திலேயே வையுங்கள், அம்மா. ரயில் நிலையத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது.

மகள்,
யதுர்ஷா