அழித்த பெயருக்கு வந்த பிடியோலை

திருநிறைக. காயலும் கழனியும் காத்து நிற்கும் நெடுங்கரை நாட்டின் கணிநிரல் நாயகம் நன்னாகன், செங்கழி நாட்டுத் தலைமை அமைச்சர் வடுகந்தையார் திருமுன் விடுத்த ஓலை. தங்கள் வேந்தரின் குடைநிழல் நிலைப்பதாக. அந்நிழலில் எஞ்சியுள்ள குடிகளேனும் நலமுடன் இருப்பார்களாக.

மணற்குடி வெள்ளத்தில் அழிந்த செய்தி கேட்டு எம் அவை கலங்கியது. அக்கலக்கம் தீருமுன் தங்கள் பிடியோலை வந்தது. கணிப்பொறியில் வெள்ள எச்சரிக்கை நிரலை எழுதியவள் எம் நாட்டுச் சாத்தியே என்றும், எச்சரிக்கை பிந்தியது அவள் பிழையே என்றும், தண்டிக்கும்பொருட்டு அவளை ஒப்படைக்க வேண்டும் என்றும் வாய் கூசாமல் எழுதியிருந்தீர்கள்.

சாத்தி அந்நிரலைப் பூட்டி வைத்தவள் அல்லள். எவரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று உரிமம் எழுதித் தந்தாள். நிரல் மூலத்தின் தலையில் எழுதியவர் பெயர் நிற்க வேண்டும், திருத்துவோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும் என்பதே அவள் கேட்டது. தங்கள் கணிமாடத்தார் அவள் பெயரைச் சுரண்டி எறிந்து, ‘வேந்தன் விழி’ என்று புதுப்பெயர் சூட்டி, அரச முத்திரையிட்டுப் பூட்டினர், பட்டமும் பெற்றனர். அன்று சாத்தியின் பெயர் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

பூட்டியதோடு விட்டார்களா? அவள் ஊர்களை ஆற்றின் கிளைகள் பிரிவது போலவே மரமாக அடுக்கியிருந்தாள். நீர் ஏறும் கிளையை மட்டும் தேடினால் போதும். அதைப் பிரித்துப் போட்டு, நாட்டின் ஊர்களையெல்லாம் ஒரே வரிசையில் கோத்து, ஒவ்வொரு முறையும் தலைமுதல் வால்வரை தேடவிட்டார்கள். பூட்டுக்குள் செய்த மாற்றம் எமக்கு எவ்வாறு தெரியும் என்பீர்கள். எம் எல்லைக்கு ஓடிவந்த தங்கள் குடிகளே சொன்னார்கள்: எச்சரிக்கை ஆறு ஓடும் முறையில் வரவில்லையாம், வரி தண்டும் முறையில் வந்ததாம். அவ்வரிசையின் கடைசி ஊர் மணற்குடி. அங்கே செய்திக்கு முன் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூலம் திறந்திருந்தால் சாத்தி ஒரு பார்வையில் பிழையைக் காட்டியிருப்பாள். மணற்குடிச் செய்தி கேட்ட நாள்முதல் அவள் சோறு உண்ணவில்லை. தானே வந்து தண்டனை ஏற்பதாகச் சொன்னவளை யாமே தடுத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே எம் வேந்தர் ஆணை இது. மணற்குடியில் பிழைத்தவர்களை அவையின் முன்வரிசையில் அமர்த்தி, ‘வேந்தன் விழி’யின் பூட்டைத் திறந்து, மூலத்தை முதல் வரி தொட்டு உரக்கப் படிப்பீர்களாக. அதில் சாத்தியின் பெயர் நிற்குமாயின், அன்றே அவளை அனுப்புவோம்.

இவ்வோலையைச் சுருட்டிக் கட்டவில்லை. அடியில் மட்டும் முத்திரை இட்டோம். வழியில் எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம். எழுதியவன் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டா.

இவை நன்னாகன் எழுத்து.