தூசி என்று அழித்த புள்ளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பூனாவில் நான் சுகம். சோற்றுக்கு வெஞ்சனம்தான் சரியில்லை.

பேனாவால் போட்டோ திருத்துகிற டேப்லெட் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் போனிலிருந்த உன் படத்தை அதில் திறந்து, சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளிகளைத் தூசியென்று அழித்துக் காட்டினார்.

“ஐயையோ, அது தூசியில்ல, எங்கம்மா சேலை!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார். பேனாவால் ஒரே தட்டுத் தட்டி மீட்டுத் தருகிறேன் என்றார்; நான் விடவில்லை. ஒவ்வொரு டேப்லெட்டிலும் நானே புள்ளி வைத்துப் பார்த்தேன். எந்தப் பேனாவில் உன் சேலை திரும்ப வந்ததோ, அதையே வாங்கிவிட்டேன்.

அந்தப் படத்தில் முந்தானை இல்லை. அதையும் வரைந்து பழக வேண்டும். நீ அந்தச் சேலையைக் கட்டிக்கொள்; உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாவிடம் சொல். முந்தானைக்குத்தான் கேட்கிறேன், முகமும் தெரியட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது,
மரியசெல்வி