திருவிழாவுக்கு மறுநாள்

அண்ணி,

இன்று காலை பரணிலிருந்து உங்கள் சல்லடை விழுந்தது. சும்மா விழவில்லை, நேராக என் தலையில் விழுந்தது. புயலில் பறந்துபோன ஓடுகளை மாற்ற வந்த ஆள், கால் வைக்க இடமில்லை என்று பரண் சாமான்களை ஒதுக்கியிருக்கிறார். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு நங்கென்று ஒன்று. போன பிறகும் ஒரு குட்டு வைக்காமல் இருக்க உங்களால் முடியவில்லை, பாருங்கள்.

உளுந்து சலிக்கிற சல்லடை அது. நீங்கள் அதில் ஒரு நாளும் உளுந்து சலித்ததில்லை. விளிம்பின் மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தேன். பெண்ணையாற்று மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்து மணல்.

நாளைக்கு ஆற்றுத் திருவிழா. ஐப்பசி மழையில் வந்த ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பெற்ற பெண் செத்த வருஷம், வீட்டில் எந்த நல்ல நாளும் கிடையாது என்று என் மாமியார், அதாவது உங்கள் அம்மா, சொல்லியாகிவிட்டது. பொங்கலுக்கு இந்த வீட்டில் பானை ஏறவில்லை. இதே வீட்டில், இதே தை மாதத்தில், இதே மாதிரி ஒரு தடை முன்பும் இருந்தது. அதை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வருஷம் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், இறந்த வருஷம். நெஞ்சு வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. முப்பத்து நாலு வயது. பிள்ளைகளில் சரணுக்கு ஐந்து, தீபாவுக்கு மூன்று. ஒரு வருஷத்துக்கு வீட்டில் பண்டிகை இல்லை, கோயில் இல்லை, புதுத்துணி இல்லை. எனக்கு வெளியே தலைகாட்டுவதும் இல்லை. இதெல்லாம் பெரியவர்களுக்கு என்று வைத்துக்கொண்டாலும் சரி. பிள்ளைகளையும் சேர்த்தே உட்கார வைத்தார்கள். தெருவில் கோலி ஆடப் போனால், "அப்பன் செத்த வீட்டுப் புள்ளடா நீ" என்று யாராவது ஒருத்தர் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்று இப்படிப் பேசுகிற நான் அன்று ஊமை. அதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் உண்டு.

ஆற்றுத் திருவிழா அன்று சாயங்காலம் நீங்கள் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப் போன தாள்களை ஒரு கட்டாகக் கட்டி, பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் போடட்டும் என்று கொண்டுவந்திருந்தீர்கள். நம் ஊர் மேல்பட்டாம்பாக்கமே ஆற்றுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நேரம். தெருவெல்லாம் பீப்பீ சத்தம், பலூன், கரும்பு. எங்கள் வீட்டுக் கூடத்தில் சரண் மல்லாந்து படுத்திருந்தான். என் பழைய ரிப்பனை எடுத்துத் தன் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துத் தானே கட்டிக்கொண்டிருந்தான். தீபா டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி வந்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு மாதமாக அவர்கள் அதைத்தான் ஆடினார்கள். தடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் தாள் கட்டை வைத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தீர்கள்.

"இன்னாடா வெளையாட்டு இது?"

"அப்பா வெளையாட்டு."

"வேற வெளையாட்டு தெரியாதா உனக்கு?"

"தெரியும் அத்த. ஆனா அதுல சிரிப்பு வந்துரும். சிரிக்கக் கூடாதுன்னு ஆயா சொல்லிச்சி."

ரிப்பன் முடிச்சை அவிழ்க்க உங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் அவனுடைய ஆயாவான மாமியாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. திரும்பியபோது, நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். "காலைல மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படியிலிருந்து சல்லடையை எடுத்துப் பையில் போட்டீர்கள். இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு பழைய கரண்டி, புளிச்சோறு. பிள்ளைகளை மட்டும்தான் கூட்டிப் போகிறீர்கள் என்று நினைத்து நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"நீ இன்னாத்துக்கு நிக்கற? செருப்ப மாட்டு."

"அண்ணி, நான் எப்படி…"

"புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்க ஆள் வேணும். வா."

நாலு மாதத்துக்குப் பிறகு நான் வெயிலைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திருவிழா முடிந்த ஆற்றை அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. யார்தான் பார்த்திருப்பார்கள்? தீர்த்தவாரிக்கு வந்த சாமிகள் எல்லாம் ஊர் திரும்பியாயிற்று. மணல் முழுக்கக் கரும்புச் சக்கை, வெடித்த பலூன், திருவிழாவில் விற்கிற சிறுவள்ளிக்கிழங்கின் தோல். ராட்டினக்காரர் குதிரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாலு குதிரை பாக்கி இருந்தது. "அதையும் கழட்றதுக்கு முன்னாடி ரெண்டு சுத்து சுத்தி வுடுய்யா" என்றீர்கள். அவருக்கும் வேலை அலுத்திருக்க வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்று சுற்றினார். தீபா இறங்க மாட்டேன் என்று குதிரைக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சரண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுதுகிறவன் போல உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் சல்லடை வெளியே வந்தது. மணலில் காலால் ஒரு கட்டம் கிழித்தீர்கள். "நேத்து இங்க ஊரே வந்துட்டுப் போயிருக்கு. ஜனம் ஜாஸ்தி வந்தா ஜாஸ்தி தொலைக்கும். தொலைச்சத எல்லாம் நாம கண்டுபுடிக்கப் போறோம். தோண்டுறது அவுங்கவுங்க எடத்துல. கெடைக்கறது எல்லாருக்கும்." கொட்டாங்குச்சியில் அள்ளி அள்ளிக் கொட்ட, நீங்கள் சலித்தீர்கள். உடைந்த வளையல் வந்தது. பாசிமணி வந்தது. கம்மல் திருகு ஒன்று, பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று. தீபாவுக்குக் கிழங்குத் தோல்கூடப் புதையல்தான். நானும் எப்போது உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் சரணுக்கு அந்த விசில் கிடைத்தது. பச்சைப் பிளாஸ்டிக் விசில், உள்ளே முழுக்க மணல். துடைத்துவிட்டு உங்கள் முகத்துக்கு நேராக வைத்து மூச்சைப் பிடித்து ஊதினான். விசில் கத்தவில்லை. மணல் மொத்தமும் பேசிக்கொண்டிருந்த உங்கள் வாய்க்குள் போயிற்று. நீங்கள் "தூ, தூ" என்று துப்பிக்கொண்டு எழுந்து ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்று ஆற்றில் விழுந்தது.

சரண் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலில் உருண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். திருடி மாட்டிக்கொண்ட கண். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? நாங்கள் கொடுத்ததுதானே.

நீங்கள் ஈரக் காலோடு வந்து அவன் கையை வாயிலிருந்து பிரித்தீர்கள். "சிரிடா. அப்படியே எந்தம்பி சிரிப்பு. அவன் போவும்போது அதை எடுத்துனு போவல. உங்கிட்டதான் வச்சிட்டுப் போயிருக்கான்."

ஒற்றைச் செருப்போடு நீங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ பார்த்திருக்கிறார்கள். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"தீட்டு வீட்டுப் புள்ளைங்கள, தாலியறுத்தவள, எல்லாரையும் திருவிழாவுக்கா கூட்டினு போன? ஊரு இன்னா சொல்லும்?"

"திருவிழா நேத்தே முடிஞ்சிபோச்சிம்மா. நாங்க போனது மணலுக்கு. மணலுக்குப் போவக் கூடாதுன்னு எங்கயாவது சொல்லியிருக்குதா?"

மாமியார் விலகி வழி விட்டார். திருவிழா நாளுக்குத்தான் தடை. மறுநாளுக்கு யாரும் தடை போட்டு வைக்கவில்லை. அந்தச் சந்து வழியாகத் துக்க வருஷத்தின் மிச்சம் முழுக்க எங்களை நடத்திக் கூட்டிப் போனீர்கள்.

மாசி மகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரை. சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தாலும் பிள்ளைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விட எல்லாருக்கும் பயம். "அத்த, கடலு வந்து அடிக்குமா?" என்று சரண் கேட்டான். "வந்தா ஓடுவோம். வரலன்னா வெளையாடுவோம்" என்றீர்கள். முந்தின நாள் சாமிகளுக்குப் போட்ட மாலைகளை அலை திருப்பித் தந்துகொண்டிருந்தது. அந்தச் சாமந்திகளைப் பொறுக்கி மணலில் மீன் செய்தோம், நண்டு செய்தோம். தீபா செய்ததற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியாது.

ஆனித் தேருக்கு மறுநாள் சிதம்பரம். ஜனமெல்லாம் தரிசனத்துக்கு உள்ளே போய்விட, கீழவீதியில் தேர்கள் சும்மா நின்றன. தேர்ச் சக்கரத்தை முழம் போட்டு அளக்கச் சொன்னீர்கள். எத்தனை தீபா சேர்ந்தால் ஒரு சக்கரம் என்று சரண் தங்கையை நிற்க வைத்துக் கணக்குப் போட்டான். "கூட்டத்துல வந்தா புள்ளைக்கு முதுகுதான் தெரியும். மறுநாள் வந்தா சக்கரம் தெரியும்" என்றீர்கள். கோயிலுக்குள் நாங்கள் போகக் கூடாதே. நாலு வீதியும் சுற்றி, வீதிக்கு ஒரு கோபுரமாக ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் வரைய வைத்தீர்கள். தீபாவின் நாலு கோபுரமும் இட்லிப் பானை மாதிரி இருந்தன. இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்து அவளுக்குத்தான் முதல் பரிசு என்றீர்கள்.

பிச்சாவரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். படகுக்காரர், "இன்னா விசேஷம், வார நாள்ல வந்துருக்கீங்க?" என்று கேட்டார். "ஒரு விசேஷமும் இல்ல, அதான் வந்தோம்" என்றீர்கள். மரங்களுக்கு அடியில் நுழையும்போது யார் பேசினாலும் தோற்றவர்கள் என்று ஒரு பந்தயம். தோற்றது நீங்கள்தான். எப்போதும் நீங்கள்தான்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகளை என்னோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தீர்கள். தண்ணீர் பாட்டில் கேட்கத் திரும்பினேன். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் பாட்டில் கேட்காமல் திரும்பிக்கொண்டேன். நீங்கள் தூக்கி வளர்த்த தம்பி அவர். உங்களுக்கும் துக்கம் இருந்தது என்பதை ஊர் பார்க்கவில்லை, உங்கள் அம்மா பார்க்கவில்லை, நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுவதற்குக் கடைசி சீட், சிரிப்பதற்கு முதல் சீட் என்று வைத்துக்கொண்டீர்கள். உங்களைத்தான் கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தராவது என் பிள்ளை கால் விரலில் ரிப்பன் கட்டிக்கொண்டு கிடந்ததைப் பற்றிக் கேட்டிருப்பாரா?

துக்க வருஷம் முடிந்த பிறகும் நாங்கள் மறுநாளை விடவில்லை. எங்கள் தெருவில் இப்போது நாலைந்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளோடு கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார்கள். மாமியாரும் பழகிவிட்டார். "மணலுக்குத்தான?" என்று கேட்டுவிட்டுப் புளி கரைத்துத் தருவார். நீங்கள் வருஷா வருஷம் ஆற்றில் மிச்சக் கிழங்கு விற்கிற அம்மாளிடம் பேரம் பேசி, அடிபட்ட சிறுவள்ளிக்கிழங்கு ஒரு பை வாங்கிவந்து உட்கார்ந்து தின்பீர்கள்.

இன்று சாயங்காலம் நான் சல்லடையைத் தட்டித் துடைத்ததை மாமியார் பார்த்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். சரணுக்கு இப்போது பதினொரு வயது. நீங்கள் போனதிலிருந்து அவன் மறுபடி உதட்டைக் கடிக்கிறான், அண்ணி. அதை நான் பார்த்துவிட்டேன். இந்த முறை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் போவதில்லை.

"நாளான்னிக்குத்தான ஆத்துக்குப் போறீங்க?" என்று மாமியார் கேட்டார்.

"இல்ல. நாளைக்கே போறோம்."

"திருவிழா அன்னிக்கா? அவ போயி மூணு மாசம் ஆவல. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு அங்கதான இருக்கும். நேர்லயே சொல்லட்டும்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நீங்கள் சந்து கண்டுபிடித்தீர்கள், அண்ணி. உங்களுக்கு அப்போது அதுதான் முடிந்தது. நீங்கள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்ததை, நான் என் பிள்ளைகளுக்கு வாசல் வழியாகக் கொடுக்க வேண்டாமா? துக்கம் எங்களுக்கு இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டுதான் கூட்டத்துக்கு நடுவே போகிறோம். கலர்ப் புடவையும் கட்டுவேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

சல்லடையை நன்றாகத்தான் துடைத்தேன். விளிம்பு மடிப்பில் இருந்த மணலை மட்டும் எடுக்கவில்லை. அது இருக்கட்டும், நாளைக்கு ஆறு பார்த்துவிட்டு வரட்டும்.

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். உள்ளே போன மாமியார் கையில் உங்கள் பழைய துணிப் பையோடு வந்தார். அதை என்னிடம் கொடுக்காமல் சரணிடம் கொடுத்தார்.

"உங்க அத்தைக்குச் சிறுவள்ளிக் கெழங்குன்னா உசுரு. படத்துக்கு முன்னாடி வைக்கணும். மிச்சம் மீதி வேணாம்டா. திருவிழாக் கெழங்கு, புதுசா பாத்து வாங்கினு வா."