தலைமாடு எந்தப் பக்கம்?

போன வாரம் மூலக்குளத்தில் ஒரு காது டாக்டரின் மேசையில் தலை கீழே தொங்கக் கிடந்தேன். எழுந்தால் சுற்றுகிறது, திரும்பிப் படுத்தால் சுவர் ஓடுகிறது என்று போயிருந்தேன். காதுக்குள் ஏதோ பொடிக்கல் இடம் மாறியிருக்கிறதாம். டாக்டர் என் தலையைப் பிடித்து மேசை விளிம்புக்கு வெளியே சாய்த்தார். கொஞ்ச நேரம்தான். முகத்தில் ரத்தம் முட்டி, கண் கனத்து, மூக்கு அடைத்துக்கொண்டது. "சுத்துதா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். உன் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், எனக்கே ஒரு வரிசை கிடைக்கட்டும்.

கருவடிக்குப்பத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நீ வண்டி சீட்டுக்கு உறை தைத்தாய், நான் கொத்தனார். உன் பின்னறையைக் கட்டியதும் நான்தான். மேற்குச் சுவரில் ஜன்னலைத் தாழ்வாக வைத்துவிட்டேன் என்று வருஷக்கணக்கில் கிண்டல் செய்தாய். அந்த ஜன்னலை மறைக்கக் கூடாதென்றுதான் உன் கல்யாணக் கட்டிலின் உயரமான தலைப்பலகையைக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாய்.

உன் இதயம் பலவீனப்பட்டு, இரண்டு காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாய். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள்: "படுத்தா மூச்சு முட்டும். கட்டிலோட தலமாட்டுக் காலுங்களுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் குடுத்து ஒசத்திடுங்க." செங்கல் வைக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? நீ ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் நான் ஓடிவந்து, தலைப்பலகைப் பக்கத்துக் கால் இரண்டுக்கும் செங்கல் கொடுத்து, ரசமட்டம் வைத்து, இடமும் வலமும் ஒரு நூல் பிசகவில்லை என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

இருபது வருஷப் பழக்கம் நமக்கு. ஒரே தட்டில் பிரியாணி தின்றிருக்கிறோம். நோணாங்குப்பத்தில் படகு ஏறப் போய், தண்ணீரைப் பார்த்ததும் நான் பயந்து திரும்பியதை நீ ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாய். நீ தூங்கி மட்டும் நான் பார்த்ததில்லை. நீ தொழும் திசையான கிப்லா இருக்கும் மேற்குக்குக் காலை நீட்டக் கூடாதென்று, தலைப்பலகைப் பக்கம் காலை வைத்து, கட்டிலின் மறுகோடியில் தலைவைத்துப் படுப்பவன் நீ. எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் கிழக்கே தலை வைப்பதுதான் நல்லது என்பார்கள். நர்ஸ் சொன்ன தலைமாடு உன்னுடையது. நான் உயர்த்தியது கட்டிலின் தலைமாட்டை. அதாவது, உன் காலை.

உன் மனைவி செங்கல்லைப் பார்த்ததும், கால் வீக்கத்துக்காக டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நீயும் அப்படியே நினைத்தாய்.

கூத்து என்னவென்றால், வீக்கம் வற்றியது! மறுநாள் சாயங்காலம் வந்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினாய். "கணுக்கால் எலும்பு தெரியுதுடா மாப்ள. பத்து நாளா எங்க போச்சோன்னு தேடிக்கினு இருந்தேன்." அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது என்றாய். முகம்தான் உப்பியிருந்தது. ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி பேசினாய். "படுத்தாதான்டா, கடல்ல தலைய வுட்ட மாதிரி இருக்குது. மூச்சு பத்தல."

"ரெண்டு நாள்ல பழகிடும்," என்றேன். பழகிடுமாம்! அப்படிச் சொன்ன வாயை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள் காலையில் நீ படுத்திருந்தபோதே உள்ளே வந்துவிட்டேன். கால் மேட்டில், தலை பள்ளத்தில். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. "டாக்டர் போன் பண்ணாரு. செங்கல்ல அந்தப் பக்கம் மாத்தி வெக்கச் சொன்னாரு," என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி மாற்றினேன். அன்று மத்தியானம் நீ நன்றாகத் தூங்கினாய். அதிலிருந்து பதினோராம் நாள் மறுபடியும் ஆஸ்பத்திரி. அங்கேயே முடிந்துவிட்டது.

காது டாக்டரிடம் யாரோ ஒருத்தர் கதையைப் போலக் கேட்டேன். "தல எறக்கமா இருந்தா கால்ல தேங்குன தண்ணி மேல வரும். மொகம் உப்பும், மூக்கு அடைக்கும், யூரின் கூடப் போகும். விண்வெளிக்குப் போறவங்க ஒடம்பு எப்டி ஆவும்னு பாக்குறதுக்கு, நல்லா இருக்கிற ஆளுங்கள இப்டி நாள் கணக்குல படுக்க வெப்பாங்க," என்றார்.

"ஹார்ட் வீக்கா இருந்தா சார்?"

"மூச்சு தெணறும். ஆனா அதாலதான் போனாருன்னு சொல்ல முடியாது."

"அதால இல்லேன்னு சொல்லலாமா?"

அவர் மாத்திரை எழுதினார். இதில் எதை எடுத்துக்கொள்வது? வற்றிய கால் நான் செய்த நல்லதா? முட்டிய மூச்சு நான் செய்த கெட்டதா? இரண்டும் ஒரே செங்கல்லால் நடந்தது என்றால், நான் உனக்கு என்னதான் செய்தேன்?

நேற்று உன் மனைவி கூப்பிட்டாள். அவள் அக்காவுக்கும் அதே மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். "செங்கல் வெச்சிக் குடுங்கண்ணா. நீங்க வெச்ச செங்கல்லதான் அவரு கடைசில நிம்மதியா தூங்குனாரு." ஆறு வருஷமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் கூசிப்போவேன்.

போய், அக்காவின் கட்டிலருகே நின்று கேட்டேன்: "அக்கா எந்தப் பக்கம் தல வெச்சிப் படுப்பாங்க?"

அவள் என்னையே பார்த்தாள். "இப்பவாச்சும் கேட்டீங்களேண்ணா," என்றாள்.

அவளே மெதுவாகச் சொன்னாள். "நீங்க மாத்தி வெச்சிட்டுப் போன அன்னிக்கே அவரு சொல்லிட்டாரு. 'பாவம், தப்பா வெச்சிட்டான். டாக்டரு போன் பண்ணாருன்னு பொய் வேற சொல்றான். நீ ஒண்ணும் கேட்டுடாத. அவன் செங்கல்லதான் தூங்குனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு'ன்னாரு."

அக்காவைப் படுக்கச் சொல்லி, தலை எங்கே இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்த பிறகு செங்கல் வைத்தேன்.

அப்படியென்றால் அந்தப் பதினோரு நாளும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் இன்னும் என்னென்ன சொன்னார் என்று அளந்துகொண்டிருந்தபோது, எல்லாம் தெரிந்தே தலையாட்டிக் கேட்டிருக்கிறாய். கடைசியாக ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கை ராசியான கைடா," என்று சிரித்தாயே. பாவம், தெரியாமல் சொல்கிறான் என்று நினைத்து ஆறு வருஷம் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தெரிந்துதான் சொன்னாயா? அது மன்னிப்பா, கிண்டலா? நீதானே மாப்ள சொல்ல வேண்டும்.