சுட வைக்கச் சொன்ன வாரம்

நவம்பர் 12, செவ்வாய்

வெள்ளத்தில் பாலத்தடியில் குடிநீர்க் குழாய் உடைந்து, இரண்டு நாள் கழித்து இன்றுதான் தண்ணீர் வந்தது. பின்னாலேயே பேரூராட்சி ஆட்டோ, ஒலிபெருக்கியோடு. மறு அறிவிப்பு வரும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டுமாம். தாமிரபரணியையா? பொதிகை மூலிகையை எல்லாம் அலசிக்கொண்டு இறங்குகிற தண்ணீர். கொதித்தால் அந்தச் சத்து செத்துப்போகும். குழாயடியில் இதைச் சொன்னேன். நூறு பேர் கேட்டிருப்பார்கள். மெயின் குழாயே நான் நின்று பதித்தது என்பதையும் சொன்னேன்.

அடுத்த வீட்டுச் சுடலைவடிவு பீடித் தட்டை மடியில் வைத்தபடியே கேட்டாள்: "அப்ப சுட வைக்காண்டாமா, அண்ணாச்சி?"

"நான் இருக்கேன்லா. பயப்படாம குடி."

நவம்பர் 13, புதன்

தண்ணீர் திறந்துவிடுகிற இசக்கிராஜா வீடு தேடி வந்து மல்லுக்கு நின்றான். "மாமா, குழாய் உடைஞ்சா அழுத்தம் போயிரும். பக்கத்துச் சாக்கடையை உள்ள இழுத்துரும். கண்ணாடி மாதிரி தெரிஞ்சாலும் கிருமி கிடக்கும். சோதனை முடிவு வார வரைக்கும் தளதளன்னு கொதிக்க வச்சுக் குடிங்க."

"ஏலே, நீ பிறக்கதுக்கு முன்னாலயே நான் குழாய் பதிச்சவன்."

வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக் காட்டினேன். தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரி பேச்சித்தாய் மட்டும் சிரிக்காமல் வெறுஞ்செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 15

கல்லு மாதிரி இருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

விடியற்காலையிலிருந்து சுடலைவடிவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. நிற்க முடியாமல் ஆட்டோவில் தூக்கி வைத்தோம்.

"நானும் அதே தண்ணிதானே குடிச்சேன். இவ வேற எதையோ தின்னிருக்கா" என்றேன்.

பேச்சித்தாய் பாத்திரம் விளக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க குடிச்சது நான் கொதிக்க வச்சு ஆத்துன தண்ணி. முத நாள்லேருந்து. சொன்னா கீழ கொட்டிருவீங்க."

"அந்தச் செம்புமா?" என்றேன்.

"அந்தச் செம்பும்தான்."

நவம்பர் 17

குழாயடியில் நான் சொன்னதைக் கேட்டது நூறு பேர் இல்லை, எட்டுப் பேர். மெயின் குழாயை நான் பதிக்கவில்லை. பதினோரு நாள் பள்ளம் தோண்டினேன், மேஸ்திரி போகச் சொல்லிவிட்டார். எழுதவே கை கூசுது. சுடலைவடிவு நம்புனது எதை — என் வாயையா, நான் குடிச்சுக் காட்டுனதையா? அவளுக்கு ஏதும் ஆச்சுன்னா —

நவம்பர் 18, திங்கள்

ஆஸ்பத்திரியில் சுடலைவடிவுக்கு இன்னும் குளுகோஸ் ஏறுகிறது. பள்ளம் தோண்டியதையும் செம்பையும் சொன்னேன். பைய முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "மைனி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா" என்று பேச்சித்தாயைச் சொன்னாள்.

பதில் எனக்குத் தெரியும். நான் இருக்கிற வீட்டில் என்னை மறுத்து யார் பேச முடியும்?

திரும்பி வந்து, குழாயடியில் கேட்ட மற்ற ஏழு வீட்டுக்கும் போனேன். கொதிக்க வையுங்கள் என்றேன். ஜேசுதாசன் கதவில் சாய்ந்துகொண்டு, "மூலிகை செத்துராதா வே?" என்றான்.

அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

நவம்பர் 23, சனி

அடுத்தடுத்து எடுத்த இரண்டு தண்ணீர்ச் சோதனையும் சரியாம். இனிக் கொதிக்க வைக்க வேண்டாம் என்று ஆட்டோ சொல்லிப்போனது.

நேற்றுத்தான் வீடு திரும்பிய சுடலைவடிவு வாசலில் வந்து நின்றாள். பாதியாகிவிட்டாள். நாற்காலியில் இருந்த என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டாள்: "மைனி, இனிச் சுட வைக்காண்டாமா?"

பேச்சித்தாய் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.