மாத்திரையும் பிளேன்டீயும்

அத்தான்,

கேன்டீனில் இருந்து எழுதுகிறேன். பழக்கத்தில், பாலில்லாமல் ஒரு பிளேன்டீ வாங்கிவிட்டேன். குடிக்காமல் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்று உடலியங்கியல் வகுப்பில், இரும்புச்சத்து குடலில் எப்படிச் சேர்கிறது என்பது பாடம். மாத்திரையோடு தேநீர் குடித்தால் சத்தில் பெரும்பகுதி உடம்பில் சேராது என்றார் விரிவுரையாளர். ஒரே வரி. பக்கத்தில் இருந்தவள் கொட்டாவி விட்டபடி அதை எழுதிக்கொண்டாள். நான் கொப்பியை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வயிற்றில் பாப்பா இருந்தபோது அக்காவுக்கு இரத்தம் ஏறவே இல்லை. "மாத்திரைய ஒளிச்சு வீசுறா, இல்லாட்டி ஏன் ஏறல?" என்று மிட்வைஃப் மிஸ் கத்தினார். பிரசவத்தில் அக்கா போன அன்று, எல்லோர் முன்னாலும் அம்மா உங்களிடம், "நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா எம்புள்ள இருந்திருப்பா" என்றார். நானும் அங்கேதான் நின்றேன்.

அக்கா ஒரு மாத்திரையைக்கூட வீசவில்லை. அது எனக்குத் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பச்சைத்தண்ணீரில் யார் மாத்திரை விழுங்குகிறார்கள்? டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தவரே பிளேன்டீயைக் குடித்துக்கொண்டுதான் கொடுத்தார். தூ!

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தெரணியகலைக்குப் போய்விட்டது நியாயம்தான். அம்மாவிடம் நானே சொல்கிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும்.

தினமும் காலையில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தது நான்தான். "துருவை நக்குற மாதிரி இருக்குடி" என்பாள் அக்கா. மாத்திரையின் ருசி தெரியக்கூடாதென்று நான் தேயிலைச் சாயத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

உங்கள் கொழுந்தியாள்