ஃபிளாஸ்க்குக்குச் சொன்ன வைத்தியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நான், அப்பா, சித்தி எல்லாரும் சுகம். நீயும் சுகமான்னு வழக்கமாக் கேப்பேன், இந்தத் தடவை கேக்கப் போறதில்ல, நீ சுகமா இல்லைங்கறது தெரிஞ்சுபோச்சு. போன்ல சொன்னா அப்புறம் பேசறேம்மான்னு வச்சிடுவே, கடுதாசியை அப்படி வைக்க முடியாது, அதான் தையல் மெஷின் மேலயே பேப்பரை வச்சு எழுதறேன். ஸ்கூல் யூனிஃபார்ம் குவிஞ்சு கிடக்கு, கிடக்கட்டும். அப்பாவுக்கு பஸ் ரூட்டை மாத்திட்டாங்க, இப்ப மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துடறார், வந்து உப்பு கம்மிங்கறார்.

விஷயத்துக்கு வரேன். நேத்து சித்தி டீக்கடையை அடைச்சுட்டு வந்து, பாப்பாவோட ஃபிளாஸ்க் வெளுத்துச்சான்னு கேட்டா. எந்த ஃபிளாஸ்க்குடின்னேன். டீக்கறை போக வீட்டுலயே என்ன பண்ணலாம் சித்தின்னு நீ கேட்டிருக்கே, பல்லுல இருக்கற கறைன்னு சொல்ல உனக்கு வெக்கம். அவளுக்கு டீக்கறைன்னா ஃபிளாஸ்க்தானே, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு சமையல் சோடாவைக் கலந்து வாய்ப்பக்கம் நல்லா அழுத்தித் தேய், கொஞ்ச நேரம் ஊறினா வெள்ளை வெளேர்னு ஆயிடும்னு சொல்லியிருக்கா. அவ சொன்னது ஃபிளாஸ்க்கோட வாய், நீ தேய்ச்சது உன் வாய். எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. தண்ணி குடிச்சா பல்லு கூசுதும்மான்னு நீ சொன்னது அப்பத்தான் உறைச்சுது. வீடியோவுல நீ வாயைப் பொத்திக்கிட்டே பேசறதைப் பாத்துட்டு, பிள்ளை அழுததை மறைக்குதோன்னு அப்பா தட்டுல பாதியை வச்சுட்டு எழுந்தாரே, அதுவும் இதனாலதான்.

சித்தி உடனே உனக்குப் போன் போட்டுக் குடைஞ்சதுல மிச்சமும் வெளிய வந்துடுச்சு. வரவேற்பு மேஜையில நிக்கறவ பல்லு மஞ்சளா இருந்தா எப்படி, வாயை மூடிக்கிட்டுச் சிரின்னு உன் ஹோட்டல் மேனேஜரம்மா சொன்னாளாமே. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன் சித்தின்னியாம். கடிக்கறதுக்கும் பல்லு வேணும்டி.

காலையில தையலைப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் பல் டாக்டரம்மாகிட்ட போனேன். எந்தப் பல்லு வலிக்குதுன்னாங்க, என் பல்லு இல்லீங்க, கடல் தாண்டி இருக்கற பல்லுன்னேன். புளிப்பு பட்டுப் பட்டுப் பல்லோட மேல்பூச்சு கரைஞ்சுடுமாம், கரைஞ்சது திரும்ப வராதாம், அது மெலிஞ்சா உள்ள இருக்கற மஞ்சள் இன்னும் தூக்கலாத் தெரியுமாம். நல்லாப் பண்ணினே போ. இனிமே எலுமிச்சையும் கிடையாது, சோடாவும் கிடையாது. கரித்தூளைத் தேய், உப்பைத் தேய்னு எவ சொன்னாலும் காதுல வாங்காதே. மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால மெதுவாத் தேய், டீ குடிச்சா வாய் கொப்புளி, அது போதும். இந்த வாரமே அங்க ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டணும், மேல்கறை இருந்தா அவங்களே சுத்தம் பண்ணுவாங்க. லீவு தர மாட்டாங்கன்னு சாக்கு சொன்னே, மேனேஜரம்மாவுக்கு நானே போன் போட்டுடுவேன். அவ பாஷை எனக்குத் தெரியாது, ஆனா திட்டு எந்தப் பாஷையிலயும் புரியும்.

உன் போட்டோவையும் டாக்டரம்மாகிட்ட காட்டினேன். சில பேருக்குப் பல்லோட நிறமே இப்படித்தான், இதுல நோய் ஒண்ணும் இல்லைன்னாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே பிடிவாதமா இருக்கு. வீட்டுக்காக அவ்வளவு தூரம் போய் நிக்கறவ, சிரிக்கறதுக்கு எதுக்குடி அடுத்தவகிட்ட அனுமதி கேக்கணும்? நினைச்சா எனக்கு ஆத்திரமும் வருது, அழுகையும் வருது. நீ போய் மரியாதையா நின்னு அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. "மேடம், என் பல்லோட நிறம் இதுதான். வேலையில குறை இருந்தா சொல்லுங்க." பயமா இருந்தா நான் பக்கத்துல நிக்கறேன்னு நினைச்சுக்கோ.

நோய் நொடி அண்டாம, தலை நிமிர்ந்து நல்லா இரும்மா. டாக்டர்கிட்ட போறதை மறந்துடாதே. மேடம்கிட்ட சொல்லி முடிச்சதும் வாயை மூடிடாதே, நல்லாச் சிரிச்சுட்டு வா.

இப்படிக்கு,
சொன்னது நடக்கற வரைக்கும் விடாத
உன் அம்மா